வேலை கைமாறும் இடம்



‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடை வியாபாரமும் தேர் இழுப்பது போலத்தான். முதலாளி, கணக்குப்பிள்ளை, எடை போடுபவர், பொட்டலம் கட்டுபவர், மூட்டை இறக்குபவர், வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பவர் என எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் கடை நகரும். ஆனால் வடத்தைப் பிடிக்க ஆட்கள் கூடிவிட்டாலே தேர் நகர்ந்துவிடுமா? இந்தக் கேள்வியை ஒருவர் உண்மையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்.

கயிறு சொன்ன கணக்கு

பிரான்சு நாட்டில் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியியல் அறிஞர் இருந்தார். மனிதர்கள் தனியாக இழுக்கும்போதும் சேர்ந்து இழுக்கும்போதும் எவ்வளவு பலம் வெளிப்படுகிறது என்று அவர் கருவி வைத்து அளந்தார். அந்தக் கணக்கு 1913-ல் வெளியாயிற்று. ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். இருவர் சேர்ந்தால் ஆளுக்கு 93 ஆகிறது. மூவர் சேர்ந்தால் 85. நால்வர் என்றால் 77. எட்டுப் பேர் சேரும்போது ஆளுக்கு 49-தான். அதாவது எட்டுப் பேர் சேர்ந்தும் நான்கு பேர் பலத்தைக்கூட எட்டவில்லை.

நம் மொழியில் சொன்னால், எட்டுப் பேருக்குச் சம்பளம், நான்கு பேருக்கும் குறைவான வேலை. மீதி எங்கே போயிற்று?

இரண்டு ஓட்டைகள் வழியாகப் போயிற்று. முதலாவது, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்குகிறார். இரண்டாவது, ‘அவர்தான் இழுக்கிறாரே’ என்ற நினைப்பில் தன்னையறியாமல் கை தளர்ந்துவிடுகிறது. இந்த இரண்டாவது ஓட்டையை 1974-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டி, முன்னால் நிறுத்திக் கயிற்றைக் கொடுத்தார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பது போலப் பாசாங்கு மட்டுமே செய்தார்கள். துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்பியதுமே அவர் இழுப்பது குறைந்துவிட்டது. அவர் சோம்பேறி அல்ல. மனித இயல்பு அப்படி. ஆகவே ஆளைத் திட்டுவதால் இந்த ஓட்டை அடைபடாது. வேலையை அமைக்கும் விதத்தில்தான் அடைக்க வேண்டும்.

மும்பையின் டப்பாக்காரர்கள்

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்துக் காட்டியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். மும்பையில் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டப்பாவாலாக்களைத்தான் சொல்கிறேன். 1890-ல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் சுமார் நூறு ஆட்களோடு தொடங்கிய தொழில் இது. பெரும்பாலோர் புனே மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களே மிகுதி. 2020-க்கு முன் சுமார் 5,000 பேர், நாள்தோறும் ஏறத்தாழ 2 லட்சம் டப்பாக்களைக் கொண்டு சேர்த்தார்கள். 2003-ல் இந்தியா வந்த இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் இவர்களை நேரில் சந்தித்துப் பேசினார்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். காலையில் ஒருவர் வீடு வீடாகப் போய் டப்பாவை வாங்குகிறார். பக்கத்து ரயில் நிலையத்தில் எல்லா டப்பாக்களையும் ஒன்றாக வைத்து, போகும் ஊர் வாரியாகப் பிரிக்கிறார்கள். இன்னொருவர் அவற்றை மின்சார ரயிலில் ஏற்றிச் செல்கிறார். வண்டி பல நிலையங்களில் நிற்பது 20 நொடி, பெரிய நிலையமென்றால் 40 நொடி. அதற்குள் ஏற்றி இறக்க வேண்டும். இறங்கிய இடத்தில் மறுபடி பிரித்து, வேறொருவர் கட்டடம் கட்டடமாகக் கொண்டு கொடுக்கிறார். மதியத்துக்கு மேல் காலி டப்பா இதே வழியில் வீடு திரும்புகிறது. ஒரு டப்பா போகும்போது மூன்று நான்கு கை, திரும்பும்போதும் அப்படியே.

டப்பா தவறினால் எங்கே தவறும்? நடந்து கொண்டுபோகும் வழியில் அல்ல, ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறும் இடத்தில். ஆகவே அவர்கள் தங்கள் புத்தியையெல்லாம் அந்த இடத்தில்தான் செலவழித்திருக்கிறார்கள். மூடியின் மேல் வண்ணத்தில் சில எழுத்தும் எண்ணும் இருக்கும். எந்த நிலையத்தில் ஏறியது, எங்கே இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, யார் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். அதிகம் படிக்காதவரும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. முதல் ஓட்டை இப்படி அடைபட்டது.

இரண்டாவது ஓட்டைக்கு அவர்கள் கண்ட வழி பங்கு. ஐயாயிரம் பேரும் ஒரே கூட்டமாக இருந்தால் யார் தளர்ந்தார் என்று எவருக்கும் தெரியாது. அதனால் சுமார் 20, 25 பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி வரவு செலவு. செலவு போக மிஞ்சியதைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பத்தாண்டுக்கு மேல் அனுபவமுள்ள மூத்தவர் ‘முகாதம்’ என்ற பொறுப்பில் இருந்து தகராறு தீர்க்கிறார், பணம் வராத இடத்தைக் கவனிக்கிறார், கை குறைந்தால் தாமே டப்பா தூக்குகிறார். வேலை நேரத்தில் வெள்ளைக் குல்லாய் அணியாவிட்டால் அபராதம் உண்டு. குழுவில் இரண்டு மூன்று பேர் கூடுதலாகவும் இருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய சாப்பாடு நிற்பதில்லை.

புதிதாக வருபவர் மூத்தவர் ஒருவருடன் கூடவே போய்த்தான் தொழிலைப் பழகுகிறார். டப்பா எடுப்பது, பிரிப்பது, ஏற்றுவது, பணம் வாங்குவது எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார். அடுத்தவர் வேலையின் சிரமம் தெரிந்தவன்தான் அடுத்தவர் கையில் ஒழுங்காக ஒப்படைப்பான்.

கை பழக நாள் பிடிக்கும்

அமெரிக்காவில் விமான விபத்துகளை ஆராயும் அரசு வாரியம் 1994-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1978 முதல் 1990 வரை நடந்த 37 விபத்துகளை எடுத்துக்கொண்டு பார்த்ததில், விவரம் கிடைத்தவற்றில் 73 விழுக்காடு, அந்தத் தலைமை விமானியும் துணை விமானியும் சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்திருந்தன. இருவரும் தனித்தனியே தேர்ந்தவர்கள்தாம். ஒருவர் கை மற்றவருக்குப் பழகவில்லை, அவ்வளவே.

இதை நம் தொழிலோடு வைத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை ஆள் மாறும் கடையில் எல்லா நாளும் முதல் நாள்தான். நூறு இருநூறு கூடுதல் சம்பளத்துக்காகப் பழகிய ஆளை விட்டுவிடும் முதலாளி, புது ஆள் பழகும்வரை போகும் சரக்கையும், முறைத்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரையும் கணக்கில் எழுதுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. குழுக்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த புரூஸ் டக்மன் என்ற அறிஞர், எந்தக் குழுவும் நான்கு படிகளைக் கடக்கிறது என்று 1965-ல் எழுதினார். முதலில் கூடுகிறார்கள், பிறகு மோதுகிறார்கள், பிறகு தங்களுக்குள் முறை வகுத்துக்கொள்கிறார்கள், அதன்பின்தான் வேலை ஓடுகிறது. பழைய கணக்குப்பிள்ளைக்கும் புதுப் பையனுக்கும் சண்டை என்றதும் ஒருவரை அனுப்பிவிடுகிறோம். மோதலுக்கு அடுத்த படி முறை வகுப்பது என்று தெரிந்தால், இருவரையும் உட்காரவைத்து ‘யார் எதைச் செய்வது’ என்று எழுதிக் கொடுப்போம்.

நம் கடையில் என்ன செய்யலாம்?

மாதத்தின் முதல் வாரம். போனில் சிட்டை வருகிறது. ஒருவர் எழுதுகிறார், ஒருவர் எடுக்கிறார், ஒருவர் எடை போடுகிறார், ஒருவர் பில் போடுகிறார், ஒருவர் கொண்டு போகிறார். உளுந்து இரண்டு கிலோ என்று எழுதியிருக்கும், முழு உளுந்தா உடைத்ததா என்று இருக்காது. வீட்டம்மா திருப்பி அனுப்பினால் ஐந்து பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஐந்து பேரும் நல்லவர்கள்தாம். சிட்டை கைமாறிய இடத்தில் ஓட்டை இருக்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மண்டி நடத்திவரும் அனுபவத்தில், செலவில்லாமல் செய்யக்கூடிய ஐந்து காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கடை முழுவதும் ஒரே குறி. சரக்கின் ரகம், வாடிக்கையாளர் எண், தெரு, கொண்டுபோகும் நேரம் ஆகியவற்றுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட சுருக்க எழுத்து வேண்டும். பையின் மேல் அது இருந்தால் கூப்பாடு குறையும்.

இரண்டு, எடுத்தவர், எடை போட்டவர், கட்டியவர் ஒவ்வொருவரும் சிட்டையில் தம் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட வேண்டும். தண்டனைக்காக அல்ல, ஓட்டை எந்த இடம் என்று கண்டுபிடிப்பதற்காக.

மூன்று, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் பழகியிருக்க வேண்டும். தராசு தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் அவர் ஊருக்குப் போன அன்று கடை பாதிதான் திறந்திருக்கிறது.

நான்கு, பிழையில்லாமல் போன மாதத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தனி ஆளுக்குக் கொடுத்தால் அடுத்தவர் தவற்றைக் கண்டும் காணாமல் இருப்பார்கள். எல்லோருக்கும் என்றால் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வார்கள்.

ஐந்து, சட்டம் முதலாளிக்கும் உண்டு. முதலாளி வீட்டுக்கு ஒரு கிலோ சர்க்கரை போனாலும் சிட்டை எழுதியே போக வேண்டும். அவர் எழுதாமல் எடுத்தால் இருப்புக் கணக்கு மட்டுமா கெடும்? ஆட்களின் ஒழுங்கும் அன்றோடு போய்விடும்.

கடைக்கு வெளியே

இதே பாடம் நம் கூட்டுக் கொள்முதலுக்கும் பொருந்தும். நாலைந்து மளிகைக்கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடு பருப்பு எடுத்தால் விலையும் வாடகையும் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இரண்டாவது லோடுக்குள் மனக்கசப்பு வந்துவிடுகிறது. கிழிந்த மூட்டை யாருக்கு, எடை குறைந்தது யார் கணக்கில், பணம் யார் முதலில் போடுவது என்று பிரிக்கும் இடத்தில்தான் சண்டை. லாரி வருமுன்பே இதைப் பேசி எழுதிவிட வேண்டும். ஆர்டருக்கு முன் பணம், இறக்கும்போதே எடை, சேதாரம் எடுத்த மூட்டைக் கணக்குப்படி, பில் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக, கொள்முதல் பேசும் பொறுப்பு முறை வைத்து ஒவ்வொருவருக்கும். இவ்வளவுதான் வேண்டும். நட்பு இருக்கிறதே என்று முறையை விட்டால், கடைசியில் நட்பும் போகும், சரக்கும் போகும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மும்பையில் ரயில் நின்றது, அலுவலகங்கள் மூடப்பட்டன. நூற்றிமுப்பது ஆண்டு பழகிய டப்பாவாலாக்களின் வேலையும் நின்றது. பலர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். பின்னர் வேலை மீண்டும் தொடங்கியும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வழக்கம் வந்துவிட்டதால் பழைய அளவுக்கு டப்பாக்கள் இல்லை, ஆட்களும் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். எவ்வளவு ஒற்றுமையான குழுவாக இருந்தாலும் வாடிக்கையாளர் எங்கே போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று நம் வாடிக்கையாளர் எங்கே போகிறார்? நிமிடக் கணக்கில் வாசலில் சாமான் இறக்கும் நிறுவனங்களை நோக்கிப் போகிறார். அவர்களுடைய முதலீட்டோடு நம்மால் போட்டி போட முடியாது. ஆனால் தெருவை அறிந்த ஆட்களும், வீட்டை அறிந்த சிட்டையும், சொன்னால் கேட்டுக்கொள்ளும் கல்லாவும் நம்மிடம் உண்டு. இவையெல்லாம் ஒரே நொடியில் ஒரே பக்கம் இழுக்க வேண்டும்.

இந்த வாரம் கடை மூடிய பிறகு கால் மணி நேரம் ஆட்களோடு உட்காருங்கள். ‘யார் தவறு செய்தது’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் கைமாறும்போது தவறுகிறது’ என்று கேளுங்கள். பதில் அவர்களிடம் இருக்கிறது. கேட்டு, எழுதி, மறுநாள் காலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.