ஒன்றோடு நிறுத்தும் பெங்களூர்

‘ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஒரு பிள்ளை’ என்பது போன தலைமுறையின் கணக்கு. பெங்களூரில் இப்போது அந்த இரண்டே பல வீடுகளில் பெரிய யோசனையாகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தைகள். நகரங்களில் இன்னும் குறைவு. தலைமுறைக்குத் தலைமுறை மக்கள்தொகை குறையாமல் நிற்க வேண்டுமானால் சுமார் 2.1 வேண்டும். 1992-93இல் இதே ஆய்வு எடுத்தபோது கர்நாடகத்தின் எண் 2.9 அளவில் இருந்தது.

அரசு சொல்லித்தான் குறைந்தது என்று நினைப்போம். சொன்னதென்னவோ உண்மை, அதுவும் வெகு சீக்கிரமே சொன்னார்கள். 1930இலேயே மைசூர் சமஸ்தானம் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை தர உத்தரவிட்டது. 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பெங்களூருக்கு அருகே ராமநகரத்தில் ஒரு சோதனை நடந்தது. கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள், இல்லாத நாள் என்று நிறம் பிரித்து மணி கோத்த மாலையைப் பெண்களிடம் கொடுத்து, நாளுக்கு ஒரு மணியாக நகர்த்தச் சொன்னார்கள். பலன் சொற்பம். மாதவிடாய் எல்லோருக்கும் மாலைக் கணக்குப்படி வருமா? அப்படியே வந்தாலும் அந்த வீட்டில் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது?

பிறகு எது குறைத்தது? 1979 முதல் சில ஆண்டுகள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஜான் கால்ட்வெல், பாட் கால்ட்வெல் தம்பதியும் பெங்களூர் மக்கள்தொகை மையத்தின் பி. எச். ரெட்டியும் தென் கர்நாடகக் கிராமங்களில் வீடு வீடாக ஆராய்ந்தார்கள். அவர்கள் முக்கியமாகச் சுட்டியது பள்ளிக்கூடத்தை. அதற்கு முன், மாடு மேய்க்கப் போகும் பையனும் தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் பெண்ணும் வீட்டுக்கு வரவு. அவர்களே பள்ளிக்குப் போனால் செலவு. தாய் படித்தால் பிள்ளை குறையும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் தென்னிந்தியாவில் பள்ளி வாசலே மிதிக்காத தாய்மாரும் இரண்டு மூன்றோடு நிறுத்தினார்கள். தாங்கள் படித்ததால் அல்ல, பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்பதால்.

பிறந்த குழந்தை தங்கும் என்ற நம்பிக்கையும் அதே காலத்தில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 65 ஒரு வயதுக்குள் இறந்தன. 2019-21இல் சுமார் 25. நான்கு பெற்றால்தான் இரண்டு மிஞ்சும் என்ற பயம் போனபின் நான்கு பெறுவானேன்? இரண்டாவது பிறந்ததும் ‘ஆபரேஷன்’. கர்நாடகத்தில் இன்றும் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அந்த அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது கணக்கில் சேராத அளவுதான். (முதல் இரண்டும் பெண்ணாகிவிட்டால் மூன்றாவது வரை போகும் வீடுகள் இன்னும் உண்டு.)

இதெல்லாம் ஆறை இரண்டாக்கிய கதை. இரண்டை ஒன்றாக்குவது வேறு. எல்.கே.ஜி. சேர்க்கையின்போது கட்டும் தொகையும் வாடகையும் ஒரு காரணம்தான். ஆனால் பணத்தைவிட ஆளைத்தான் பெரிய காரணம் என்பேன்: குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? முதல் பிரசவத்துக்கு லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடித்து அம்மா வந்தார், அப்புறம் மாமியார் வந்தார். இரண்டாவதுக்குள் ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவருக்கு ஊரில் கணவரை விட்டுவர முடியாத நிலை. பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கோ, வந்து தங்க ஒருவர் இருந்தாலும் படுக்க இடமில்லை; ஒற்றை அறை. குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறவர்கள் இவர்களில் உண்டு.

சட்டம் துணை நிற்கிறதா? 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. ஆனால் அது முதல் இரண்டு குழந்தைகளுக்குத்தான். மூன்றாவதுக்கு 12 வாரம். விடுப்புச் சம்பளம் முழுவதும் முதலாளி தலையில் விழும் இடங்களில், புதிதாக மணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிக்கிறார்கள்.

2024இல் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் தமிழக முதல்வர் மு. க. ஸ்டாலினும் அதிகம் பெற்றுக்கொள்வது பற்றி மேடையில் பேசினார்கள். மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் தெற்குக்கு நாடாளுமன்ற இடம் குறையும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் மேடைப் பேச்சைக் கேட்டு யாரும் தொட்டில் வாங்குவதில்லை. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தகப்பனுக்குக் குழந்தை பிறந்தால் ஒரு நாள் விடுப்புகூடக் கட்டாயம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் இந்த நாட்டில் இல்லை. முதலில் அதைக் கொண்டுவரட்டும்.