மாட்டை விற்கமுன் கலண்டரைப் பாருங்கள்

"இந்த மாட்டை வித்துப்போட்டுக் கடனை அடைக்கப்போறன் தங்கச்சி. தீனிச் செலவுக்கும் பால் காணாது."

தென்மராட்சியில் ஒரு வீட்டுக் கொட்டிலடியில் நின்று அந்த அக்கா இப்படிச் சொன்னபோது எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. யுத்தத்தில் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது தாய்வீட்டு மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்ததை இன்றும் சொல்லிக் கலங்குவார். இந்த மாடு, நான் வேலை செய்த வாழ்வாதாரத் திட்டமொன்றின் மூலம் அவருக்குக் கிடைத்தது.

"கண்டு போட்டு எத்தினை மாசம் அக்கா?"

"சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை."

அப்போது மார்கழி. எட்டு மாதமாகியும் மாடு சினைப்படவில்லை. காலையில் ஒன்றரை லீற்றர் பால்தான். மாடு கொடுத்த அன்று நாங்கள் படம் எடுத்தோம். கன்று போடும் நாளை எழுதிவைக்கும்படி ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எங்கள் பிழை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுதவேண்டிய நாட்கள்

கன்று போட்ட நாளைக் கலண்டரில் வட்டமிடுங்கள். இரண்டு மாதம் கழிந்தபின் மாட்டைக் கவனியுங்கள். விடாமல் கத்துதல், மற்ற மாடுகளில் ஏறுதல், கண்ணாடிபோன்ற சளி வடிதல், திடீரெனப் பால் குறைதல் ஆகியன வேட்கை அறிகுறிகள். இவை பெரும்பாலும் விடியப்புறத்திலும் இரவிலுமே தெரியும். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாட் காலையும் சினை ஊசி போடவேண்டும். அந்த நாளையும் எழுதுங்கள்.

தவறிவிட்டால் ஏறக்குறைய 21 நாளில் மீண்டும் வரும். ஊசி போட்ட மாட்டையும் 21ஆம் நாளையொட்டிக் கவனியுங்கள். கத்தாவிட்டாலும் சினை என்று முடிவுகட்டாமல், மூன்று மாதத்தில் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று போட இரண்டு மாதத்துக்கு முன் பால் கறப்பதை நிறுத்துங்கள். மடி ஓய்ந்தால்தான் அடுத்த ஈற்றில் பால் பெருகும். கன்று பிறந்தவுடன் முதல் மணித்தியாலத்துக்குள் கடும்புப்பாலைக் குடிக்கவிடுங்கள். நோயை எதிர்க்கும் சக்தி அதிலிருந்துதான் கன்றுக்குக் கிடைக்கிறது.

தீனியும் கொட்டிலும்

மெலிந்த மாடு வேட்கைக்கு வராது. கோடையில் புல் கருகும்போது வைக்கோலை மட்டும் நம்பாதீர்கள். பனையோலையைக் கிழித்துப் போடலாம். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைக் குழையை வாடவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். புண்ணாக்கு, தவிட்டுடன் கனியுப்பும் சேருங்கள். பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆகவே இரவிலும் தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும்.

மாரி தொடங்கமுன் கொட்டிலின் வாடைக்காற்றுப் பக்கத்தைப் படங்காலோ கிடுகாலோ மறையுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்ததை மறக்கமுடியாது.

அந்த அக்காவின் மாடு

கால்நடை வைத்தியரை அழைத்துக் காட்டினோம். பூச்சி மருந்தும் கனியுப்பும் கொடுத்தார். மூன்றாவது கிழமை, விடியப்புறம் நாலு மணிக்கு மாடு கத்தியது. அன்று பின்னேரமே ஊசி போட்டாயிற்று. மூன்று மாதத்தின் பின் சினை என்று உறுதியானது.

ஆனால் கடன் காத்திருக்கவில்லை. மகன் செல்லமாக வளர்த்த நாம்பன் கன்றை விற்றுத்தான் ஒரு பகுதியைக் கட்டினார். பெடியன் இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. "கண்டை வித்தது நெஞ்சுக்குள்ள நிக்குது. ஆனா தாய் கொட்டிலில நிக்குது தங்கச்சி" என்றார்.

சகோதரிகளே, பால் குறைந்தவுடன் தரகருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். முதலில் கன்று போட்ட நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். கொட்டில் கப்பில் ஒரு கலண்டரும், நூலில் கட்டிய பென்சிலும் தொங்கட்டும். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் வட்டம் போட்டுக் கொடுக்கட்டும்.