மணவுறவும் வந்த வழியும்

குடியுரிமையின் கதை – 7

பிறப்பாலும் வம்சாவளியாலும் கிடைக்கும் குடியுரிமையைச் சென்ற பகுதிகள் விளக்கின. இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த அயல்நாட்டவரைச் சட்டம் எவ்வாறு நடத்துகிறது என்பது இப்பகுதியின் பொருள். யாரை மணந்தார் என்பதற்கு முன்பாக, நாட்டுக்குள் எந்த வழியில் வந்தார் என்பதையே நமது சட்டம் கேட்கிறது என்பதைத் திண்டிவனம் வட்டாரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஓமந்தூர் இளைஞர் ஒருவர் ஆரோவில்லில் விசாவுடன் வசிக்கும் பிரெஞ்சுப் பெண்ணை மணக்கிறார் என்றும், அதே ஊரைச் சேர்ந்த இன்னொருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண்ணை மணக்கிறார் என்றும் கொள்வோம். ஆரோவில்லின் பெரும்பகுதியும் அந்த முகாமும் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன.

அமெரிக்காவில் குடிமக்களின் துணைவர்கள் பெறும் ‘கிரீன் கார்டு’ போன்ற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இந்தியாவில் துணைவர்களுக்கென்று இல்லை. அதற்கு நெருக்கமாக இருப்பது ஓ.சி.ஐ. எனப்படும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 7அ பிரிவின்படி, பதிவு செய்யப்பட்ட திருமணம் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் நீடித்திருந்தால், பாதுகாப்புச் சோதனைக்குப் பின் அயல்நாட்டுத் துணைவர் இதைப் பெறலாம். இது வாழ்நாள் விசாவுக்கு நிகரானது என்றாலும், இதை வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்கவும் அனுமதி இல்லை. மணமுறிவு ஏற்பட்டால் அட்டையை அரசு ரத்து செய்யலாம்.

முழுக் குடியுரிமையை விரும்புவோருக்கு உரியது 5(1)(இ) பிரிவு. தொடக்கத்தில் குடிமகனை மணந்த பெண்களுக்கு மட்டுமே இருந்த இந்த வழியை 1986ஆம் ஆண்டின் திருத்தம் இருபாலருக்கும் பொதுவாக்கியது. இன்று ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வசித்த துணைவர் இதன்கீழ் பதிவு கோரலாம். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்பதால், பிரெஞ்சுப் பெண் தம் பழைய குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். அதை விரும்பாவிட்டால் ஓ.சி.ஐ. அட்டையோடு நிற்கலாம். அவருக்கு முன் இரண்டு கதவுகள் இருக்கின்றன.

முகாமில் வாழும் பெண்ணுக்கு இவ்விரண்டும் எட்டுவதில்லை. 5ஆம் பிரிவு தொடங்கும்போதே ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவர் என்ற நிபந்தனையை விதிக்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நுழைந்தவரும், அனுமதித்த காலத்தைக் கடந்து தங்கியவரும் இத்தொடருக்குள் அடங்குவர். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பின், அங்கே போர் நடந்த ஆண்டுகளிலெல்லாம் படகேறி ராமேசுவரக் கரையில் இறங்கியவர்களில் பெரும்பாலோரிடம் அத்தகைய ஆவணம் இருக்கவில்லை. அரசே அவர்களைப் பதிவு செய்து, முகாமில் குடியமர்த்தி, மாதந்தோறும் பணக்கொடை வழங்கி வந்தாலும், குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அகதிகள் அல்லர். அகதி என்ற சொல்லுக்கு அச்சட்டத்தில் இடமே இல்லை. ஆகவே, சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவான திருமணம் கணவன் மனைவி உறவுக்குச் சான்றாகுமே அன்றி, வந்த வழியின் குறையைத் தீர்ப்பதில்லை.

இதன் விளைவு மனைவியோடு நிற்பதில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றிருந்தாலே போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ, ஒருவர் குடிமகனாக இருப்பதுடன் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். எனவே ஓமந்தூர்த் தந்தைக்கும் முகாமிலிருந்து வந்த தாய்க்கும் 2002இல் பிறந்த அக்காள் இந்தியக் குடிமகளாகவும், 2006இல் பிறந்த தம்பி பிறப்பால் குடியுரிமை அற்றவனாகவும் ஒரே வீட்டில் வளரும் நிலை ஏற்படுகிறது.

முகாம்களில் வாழும், இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில் 2019ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கவும் அதை மத்திய அரசு பரிசீலிக்கவும் வழிசெய்தது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது; ஆயினும் அது குடியேற்றச் சட்டத்தின்கீழ் பிறந்த ஆணையாதலால், குடியுரிமைச் சட்டத்தின் வரையறையைத் திருத்தவில்லை.

அந்த வரையறை மாற்ற முடியாததன்று. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று அதே வரையறையில் ஒரு விலக்கைச் சேர்த்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. இந்தியக் குடிமக்களை மணந்த முகாம்வாசிகளுக்கும் அத்தகைய ஒரு விலக்கு சேர்க்கப்பட்டால், அந்தத் தாய் ஏழு ஆண்டு வசிப்பைக் காட்டி ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கத் தகுதி பெறுவார். தடையாக இருப்பது சட்ட நுணுக்கம் அன்று, அரசின் தெரிவு என்பதையே 2019ஆம் ஆண்டின் திருத்தம் உணர்த்துகிறது.

(அடுத்த இதழில்: 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் மலையகத் தமிழரும்)