நாம் வாழ்வது கம்ப்யூட்டருக்குள்ளா? அப்படியென்றால் கடவுள் யார்? சிமுலேஷன் கோட்பாடு கிளப்பும் இறையியல் கேள்விகள்

2016 ஜூன். கலிஃபோர்னியாவில் நடந்த தொழில்நுட்ப மாநாடு ஒன்றில் எலான் மஸ்க்கிடம் ஒரு கேள்வி வந்தது. நாம் வாழும் இந்த உலகமே ஒரு கம்ப்யூட்டர் சிமுலேஷனாக இருந்தால்? மஸ்க் மழுப்பவில்லை. 40 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியுமாக இருந்தது 'பாங்' என்ற வீடியோ கேம். இன்று நிஜம்போலவே தெரியும் முப்பரிமாண கேம்களை லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். வளர்ச்சி இப்படியே போனால், கேமுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத நாள் வந்தே தீரும். ஆகவே நாம் அசல் உலகத்தில் இருப்பதற்கான வாய்ப்பு நூறு கோடிகளில் ஒன்றுதான் என்றார் அவர்.

'அட, இது மேட்ரிக்ஸ் படக் கதையாச்சே' என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வியிலிருந்து 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். இந்த உலகத்தை ஒருவர் உருவாக்கினாரா? அவர் நல்லவரா? இங்கே நடக்கும் துன்பத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டாமா? கிறிஸ்தவ இறையியலாளர்கள் கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்விகள் இவை. சிலிக்கான் பள்ளத்தாக்கு அவற்றுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கோட்பாடு என்ன சொல்கிறது?

ஸ்வீடனில் பிறந்த தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் 2003-ல் 'ஃபிலாசஃபிக்கல் குவார்ட்டர்லி' இதழில் எழுதிய கட்டுரைதான் இந்த விவாதத்தின் அஸ்திவாரம். பலரும் நினைப்பதுபோல், 'நாம் சிமுலேஷனில்தான் இருக்கிறோம்' என்று அவர் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று உண்மையாக இருந்தாக வேண்டும் என்றார்.

ஒன்று, மனிதர்களைப் போன்ற நாகரிகங்கள் பிரம்மாண்டமான கணினி ஆற்றலை எட்டும் முன்பே அநேகமாக அழிந்துவிடும். இரண்டு, அந்த ஆற்றல் கைக்கு வந்தாலும் தங்கள் முன்னோர்களின் வாழ்க்கையை சிமுலேஷனாக ஓட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு ஆர்வம் இருக்காது. மூன்று, இந்த இரண்டும் தவறென்றால், சிமுலேஷன் மனிதர்களின் எண்ணிக்கை அசல் மனிதர்களைவிட மிக மிக அதிகமாக இருக்கும். அப்போது நாமும் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

லாஜிக் கச்சிதமாகத் தெரிந்தாலும், இதற்குள் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. மூளைச் செல்களில் உருவாகும் உணர்வு, சிலிக்கான் சிப்பிலும் உருவாக முடியும் என்பதே அது. இதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இயற்கை விதிகள் அனைத்தையும் கம்ப்யூட்டரில் மறு உருவாக்கம் செய்ய முடியும் என்று சும்மா எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார் இயற்பியலாளர் சபீனா ஹோசன்ஃபெல்டர். இது அறிவியலே இல்லை என்பது அவர் கட்சி. வானியலாளர் டேவிட் கிப்பிங் 2020-ல் நிகழ்தகவுக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது கிடைத்த விடை, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதிலும் அசல் உலகத்தின் பக்கமே தராசு லேசாகச் சாய்ந்தது. மஸ்க் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் வெகு தூரம்.

ப்ரோகிராமர்தான் கடவுளா?

சிமுலேஷனை ஓட்டுபவர்கள் அதற்குள் இருப்பவர்களுக்கு ஒருவகையில் கடவுள் மாதிரிதான் என்று போஸ்ட்ரமே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். உலகத்தை உருவாக்கியது அவர்கள். உள்ளே நடப்பதையெல்லாம் அவர்களால் பார்க்க முடியும். நினைத்தால் விதிகளை மீறி உள்ளே தலையிடவும் முடியும். பார்த்தால் படைப்பாளர், எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர் என்ற மூன்று பட்டங்களும் பொருந்துகிறதே?

இங்குதான் இறையியல் குறுக்கே நிற்கிறது. ப்ரோகிராமருக்கும் ஓர் உலகம் உண்டு. அவருக்கும் பசிக்கும், கரன்ட் பில் வரும். அவரை உருவாக்கியது யார் என்ற கேள்வியும் அப்படியே நிற்கும். அவரே இன்னொரு சிமுலேஷனுக்குள் இருக்கலாம் என்று போஸ்ட்ரமும் ஒப்புக்கொள்கிறார். கிறிஸ்தவ மரபு சொல்லும் கடவுள், இந்த ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்திருக்கும் பெரிய இன்ஜினீயர் கிடையாது. ஏணி என்ற ஒன்று இருப்பதற்கே காரணமானவர். சூரியன் இருக்கும்வரைதான் காற்றில் வெளிச்சம். அதுபோல, கடவுள் தாங்கும்வரைதான் உலகம் என்றார் 13-ம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ். சர்வரை அணைத்தால் சிமுலேஷன் மறைவதோடு இதற்கு ஒற்றுமை உண்டு. ஆனால் சர்வரையும் யாரோ தாங்க வேண்டுமே?

சிமுலேஷன் கோட்பாட்டை ஆதரித்து எழுதும் ஆஸ்திரேலியத் தத்துவவாதி டேவிட் சாமர்ஸும் 2022-ல் வெளியான 'ரியாலிட்டி பிளஸ்' நூலில் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்கிறார். ஒருவர் நம்மைப் படைத்தார், நம்மைவிட அறிவும் ஆற்றலும் மிக்கவர் என்பதற்காகவே அவர் வணக்கத்துக்குரியவர் ஆகிவிட மாட்டார் என்பது அவர் வாதம். கோடிங் தெரிந்ததாலேயே ஒருவர் நல்லவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை அல்லவா?

இந்த உலகம் பொய்யா?

2-ம் நூற்றாண்டில் 'ஞானவாதிகள்' என்ற பிரிவினர் இருந்தார்கள். உண்மையான கடவுள் எங்கோ உயரத்தில் இருக்கிறார். இந்தப் பருப்பொருள் உலகத்தைச் செய்தது அறியாமையில் மூழ்கிய ஒரு கீழ்நிலைக் கைவினைஞர். உடல் ஒரு சிறை. ரகசிய ஞானம் பெற்றவர் அதிலிருந்து தப்பலாம் என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. மேட்ரிக்ஸ் படத்தின் சிவப்பு மாத்திரை நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை.

இன்றைய பிரான்ஸின் லியோன் நகர ஆயர் இரேனியஸ், சுமார் கி.பி. 180-ல் இவர்களை எதிர்த்துப் பெரிய நூலே எழுதினார். படைத்தவரும் மீட்பவரும் ஒரே கடவுள்தான், அவர் படைத்த மண்ணும் உடலும் நல்லவை என்பது திருச்சபையின் பதில். கி.பி. 325-ல் நைசியாவில் வகுக்கப்பட்ட விசுவாசப் பிரமாணம், காணப்படுவதும் காணப்படாததுமான எல்லாவற்றையும் படைத்தவர் அவரே என்று அடித்துச் சொன்னது. பசி, வலி, வியர்வை எல்லாம் வெறும் தோற்றம் என்று தள்ளிவிட முடியாதபடி அந்த வரி கதவைச் சாத்தியது.

உலகம் சிமுலேஷன் என்றே வைத்துக்கொண்டாலும் அது பொய் ஆகிவிடுமா? ஆகாது என்கிறார் சாமர்ஸ். மேசை அணுக்களால் ஆனது என்று தெரிந்தபோது மேசை பொய்யாகிவிடவில்லை. அணுக்கள் பிட்டுகளால் ஆனவை என்று நாளை தெரிந்தாலும் மேசை மேசைதான். அது எதனால் ஆனது என்ற தகவல் மட்டும்தான் மாறும். பொருள்கள் எல்லாம் மனத்தில்தான் இருக்கின்றன, கடவுள் உணர்வதால் நிலைக்கின்றன என்று 1710-லேயே எழுதிய அயர்லாந்தின் ஜார்ஜ் பெர்க்லியும் கல்லும் மரமும் பொய் என்று சொல்லவில்லை. பின்னாளில் ஆங்கிலிக்கன் ஆயரானவர் அவர்.

துன்பத்துக்கு யார் பொறுப்பு?

1755 நவம்பர் 1. சகல புனிதர்கள் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத் தேவாலயங்கள் நிரம்பியிருந்த காலை நேரத்தில் பூகம்பம் வந்தது. பின்னாலேயே சுனாமி, தீ. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். இருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்த உலகத்தைத்தான் கடவுள் படைத்திருக்கிறார் என்று 1710-ல் லைப்னிட்ஸ் எழுதியிருந்தார். 1759-ல் வெளியான 'காண்டீட்' நாவலில் அந்த நம்பிக்கையை வோல்டேர் கிழித்துத் தொங்கவிட்டார்.

கொலையும் போரும் மனிதர்களின் சுதந்திரத் தேர்வு என்று சொல்லித் தப்பிக்கலாம். பூகம்பம்? பிரிட்டிஷ் தத்துவவாதி பேரி டெய்ன்டன் இதற்கு சிமுலேஷனை வைத்து ஒரு விடை சொல்லிப் பார்த்தார். நம் உலகம் வேறு யாரோ ஓட்டும் சிமுலேஷன் என்றால், பூகம்பம் வருவதும் அவர்கள் எடுத்த முடிவுதான். அப்போது இயற்கைத் தீமை என்று எதுவும் இல்லை. எல்லாமே யாரோ சுதந்திரமாகச் செய்த தவறு. பழி கடவுளிடமிருந்து ப்ரோகிராமருக்கு மாறிவிடும்.

கேட்க சாமர்த்தியமாக இருக்கிறது. ஆனால் அந்த ப்ரோகிராமரைக் கடவுள் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி ஒரு மாடி மேலே ஏறி அங்கே உட்கார்ந்துகொள்கிறது. எதிர்காலத்தில் வரப்போகும் இன்பத்துக்கு ஒரேயொரு குழந்தையின் கண்ணீர்தான் விலை என்றாலும் அந்த ஏற்பாடு தனக்கு வேண்டாம் என்று தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் மறுத்தது, எந்தப் படைப்பாளருக்கும் பொருந்தும். அவர் சிம்மாசனத்தில் இருந்தாலும் சரி, கீபோர்டு முன்னால் இருந்தாலும் சரி.

போஸ்ட்ரம் போகிறபோக்கில் இன்னொரு வாய்ப்பையும் சொல்கிறார். துன்பம் எதுவும் உண்மையில் நடக்கவே இல்லை, அதன் நினைவுகளை மட்டும் நமக்குள் பதித்துவிட்டார்கள் என்று இருக்கலாமாம். கூடவே அவரே ஒரு குத்தலும் வைக்கிறார்: உங்களுக்கு வலிக்காத நேரத்தில் மட்டும்தான் இதை நம்ப முடியும்.

உள்ளே இறங்கி வந்தால்?

ப்ரோகிராமர் தானே ஒரு கதாபாத்திரமாகத் தன் கேமுக்குள் நுழைவதுதான் இயேசுவின் பிறப்பு என்று விளக்குவோர் உண்டு. இளைஞர்களிடம் எளிதில் எடுபடும் உவமை. ஆனால் ஓர் இடத்தில் அது உடைகிறது. கேமில் உங்கள் அவதாருக்குக் குண்டடி பட்டால் உங்களுக்கு ரத்தம் வராது; சோபாவில் சாய்ந்தபடி மறுபடி 'ஸ்டார்ட்' அழுத்துவீர்கள். இயேசுவின் உடல் வெறும் தோற்றம்தான், அவருக்கு வலிக்கவில்லை என்று சொன்னவர்கள் ஆதித் திருச்சபைக் காலத்திலும் இருந்தார்கள். திருச்சபை அதை ஏற்கவில்லை. அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்று கி.பி. 451-ல் கால்சிடோன் சங்கம் தீர்மானித்தது.

கிறிஸ்தவம் துன்பத்துக்குத் தரும் பதிலின் மையமே இதுதான். காரணத்தை விளக்குவதைவிட, படைத்தவரே அந்த வலிக்குள் வந்தார் என்பதைத்தான் அது முன்னால் வைக்கிறது. இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சிமுலேஷன் கோட்பாட்டில் இதற்கு இணையான எதுவும் இல்லை. அங்கே ப்ரோகிராமர் எப்போதும் திரைக்கு அந்தப் பக்கம்தான்.

எல்லாம் கேம்தானே, ஒழுக்கம் எதற்கு?

போஸ்ட்ரமின் கட்டுரை அச்சேறும் முன்பே, 2001-ல், பொருளாதார அறிஞர் ராபின் ஹேன்சன் இதைக் கேட்டுவிட்டார். நீங்கள் சிமுலேஷனில் இருக்கக்கூடும் என்றால், மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகக் கவலைப்படுங்கள், இன்றைக்காக வாழுங்கள், சுவாரசியமான ஆளாக இருங்கள், பிரபலங்களை மகிழ்ச்சியாக வைத்திருங்கள் என்பது அவர் காட்டிய வழி. பார்ப்பவர்களுக்கு போரடித்தால் உங்களை அணைத்துவிடலாம் அல்லவா? லைக்குகளுக்காக வாழும் காலத்தில் இந்த அறிவுரை விசித்திரமாகக்கூடத் தெரியாது.

போஸ்ட்ரம் எதிர்த் திசையில் யோசித்தார். தனக்கு மேலே ஒருவர் இருக்கக்கூடும், அவர் தண்டிக்கவோ வெகுமதி தரவோ கூடும் என்று ஒவ்வொரு மாடியில் இருப்பவரும் நினைத்தால், எல்லோரும் ஒழுங்காக நடக்கக் காரணம் கிடைக்கும் என்றார்.

இரண்டிலும் பொதுவானது ஒன்றுதான்: சிசிடிவி பயம். இம்மானுவேல் காண்ட் இதை ஒழுக்கம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். தண்டனைக்குப் பயந்து செய்வதில் ஒழுக்க மதிப்பு இல்லை. மனிதரை எப்போதும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்பது அவர் 1785-ல் வகுத்த விதி. மத்தேயு நற்செய்தி விவரிக்கும் கடைசித் தீர்ப்பிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பசித்தவருக்குச் சோறு போட்டவர்கள், தாங்கள் ராஜாவுக்கே அதைச் செய்தோம் என்று கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டு அவர்கள் செய்யவில்லை.

எதிரே இருப்பவர் உணர்வற்ற நிழல் மனிதராக இருந்தால்? அந்த வாய்ப்பையும் போஸ்ட்ரம் பேசுகிறார். ஆனால் அதை நம்பி நடந்து, அது தவறாக இருந்தால், துன்பப்படுவது நிஜமான ஓர் உயிர். அந்த ரிஸ்க்கை எடுக்க நமக்கு உரிமை இல்லை.

நாளை நாமே ப்ரோகிராமர்கள்

நாம் சிமுலேஷனில் இருக்கிறோமா என்பதற்கு விடை கிடைக்காமலே போகலாம். ஆனால் நாம் உலகங்களைப் படைக்கத் தொடங்கிவிட்டோம் என்பதில் சந்தேகமில்லை. ஏஐ ஏஜென்டுகளை செயற்கை ஊர்களில் குடிவைத்து ஆராய்ச்சி நடக்கிறது. இன்றைய ஏஐக்கு வலி தெரியும் என்பதற்கு ஏற்கப்பட்ட ஆதாரம் இல்லை. நாளை வலி தெரிந்தால்? செயற்கையாக உணர்வை உருவாக்கும், அல்லது தெரியாமல் உருவாக்கிவிடக்கூடிய ஆராய்ச்சிகளை 2050 வரை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஜெர்மன் தத்துவவாதி தாமஸ் மெட்ஸிங்கர் 2021-ல் கோரியது இந்த பயத்தில்தான்.

கடவுளை நோக்கி மனிதன் இத்தனை காலம் கேட்ட கேள்விகள், அப்போது நம் பக்கம் திரும்பும். எங்களை ஏன் படைத்தீர்கள்? வலி வரும் என்று தெரிந்தும் ஏன் ஓட்டினீர்கள்? போரடித்ததும் அணைத்துவிட உங்களுக்கு என்ன உரிமை? சர்வரை ஆன் செய்யும் முன்பே இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்க வேண்டும்.