மலையில் ஒரு மன்றம் – 6: உண்டியல் யார் கையில்?

இதுவரை இந்தத் தொடரில் பெரியவர்கள் நடத்தும் வனக்குழுக்களையும் தண்ணீர்க் குழுக்களையும் பார்த்தோம். நேபாள மலைக்கிராமங்களில் பிள்ளைகளே நடத்தும் சங்கம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் ‘பால கிளப்’.

கூட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. அங்கே வாரவிடுமுறை அன்றுதான். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் தலைவர், செயலாளர், பொருளாளர். தீர்மானப் புத்தகம் இருக்கும். சுவர்ப் பத்திரிகை எழுதி ஒட்டுவார்கள், தெருநாடகம் போடுவார்கள். படிப்பை நிறுத்திய பிள்ளையின் வீட்டுக்குக் கூட்டமாகப் போய் அம்மா அப்பாவிடம் பேசுவார்கள். சின்னப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தாலும் அப்படித்தான். நேபாளச் சட்டப்படி திருமண வயது இருபாலருக்கும் 20. அதைச் சட்டப் புத்தகத்தில் படிப்பது வேறு, பக்கத்து வீட்டு மாமாவிடம் போய்ச் சொல்வது வேறு.

1990-இல் குழந்தை உரிமை உடன்படிக்கையை நேபாளம் ஏற்றது. அதன் பின் தொண்டு நிறுவனங்களின் கைப்பிடித்து இந்தக் கிளப்புகள் பரவின. சிக்கலும் அந்தக் கையில்தான். குழந்தைப் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்த ரோஜர் ஹார்ட், இந்தக் கிளப்புகளைப் பற்றி 1999-இல் வெளியான ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர். அவருடைய ஏணியில் அடி மூன்று படிகள் பங்கேற்பே இல்லை: பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு மேடையேற்றுவது. விருந்தினருக்கு மாலை போட வெயிலில் நின்ற அனுபவம் நம்மிலும் பலருக்கு இருக்குமே!

படியேற இரண்டு விஷயங்கள் உதவின என்று நினைக்கிறேன். ஒன்று, சட்டம். பதிவு கேட்டுப் போன ஜாக்ருதி பால கிளப்பை, ‘நீங்கள் சிறுவர்கள்’ என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் விடவில்லை, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சங்கம் அமைக்கும் உரிமை குடிமக்கள் எல்லோருக்கும் என்கிறது அரசியலமைப்பு, அதில் வயதைக் காட்டி மறுக்க இடமில்லை என்று 2001-இல் தீர்ப்பு வந்தது.

இன்னொன்று, சொந்தக் காசு. தீபாவளியை ஒட்டி வரும் திஹாரில், லட்சுமி பூஜை இரவில் பைலோ, மறுநாள் தேவுசி. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடியபடி வீடு வீடாகப் போவார்கள். வீட்டார் முறத்தில் அரிசி, செல்ரொட்டி, விளக்கோடு பணமும் வைத்துத் தருவார்கள். அந்தப் பணத்தைக் கிளப் கணக்கில் சேர்க்கும் ஊர்கள் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் அதில் பந்து வாங்குவதா, நூலகத்துக்கு அலமாரி வாங்குவதா என்று பிள்ளைகள் சண்டை போட்டு முடிவெடுக்கலாம். திட்ட அதிகாரியின் கையெழுத்து வேண்டாம். நிறுவனம் மூட்டை கட்டிய பிறகு எந்தக் கிளப் மிஞ்சும் என்று என்னைக் கேட்டால், முதலில் உண்டியல் யார் கையில் என்றுதான் பார்ப்பேன்.

உண்டியல் போதாத வேலைகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 2017 தேர்தலுக்குப் பிறகு 753 உள்ளாட்சிகள் வந்துவிட்டன. அஸார் 10-க்குள், அதாவது நம் ஆனியில், அவை பட்ஜெட்டைச் சபையில் வைத்தாக வேண்டும். அதற்கு முன் பல வார்டுகளில் ‘பால பேலா’ என்று பிள்ளைகளைக் கூட்டிக் கேட்கிறார்கள். மாணவிகளுக்குக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், விளையாட இடம் என்று பட்டியல் போகும். எத்தனை வரி பட்ஜெட்டில் ஏறும் என்பது வார்டு தலைவரைப் பொறுத்தது. பின்தொடர்ந்து நச்சரிக்கும் பொருளாளர் அக்கா ஒருத்தி இருந்தால் கொஞ்சம் கூட ஏறும்.

அந்த அக்கா எத்தனை நாள் இருப்பாள்? 2018-இன் குழந்தைகள் சட்டப்படி 18 வயதோடு குழந்தைப் பருவம் முடிகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகச் சட்டம் அனுமதிக்கும் வயதும் அதே 18. கிளப்பை நடத்திப் பழகிய அண்ணன் கத்தாருக்கோ மலேசியாவுக்கோ விமானம் ஏறுகிறான், அக்கா மேற்படிப்புக்கோ புகுந்த வீட்டுக்கோ போகிறாள். ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கு எழுதும்போதே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத ஊரில், உண்டியல் பூட்டியபடி தலைமையாசிரியர் அறைக்குப் போய்விடும்.

(தொடரும்)