கடை மேடையில் விஞ்ஞானம்

1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி வழியே வந்து கோலார் தங்கச் சுரங்கங்களின் யந்திரங்களை இயக்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின் தொடர்களுள் ஒன்றாக அது விளங்கியது. ஆயினும் அம்மின்சாரம் சுரங்கத்திற்காக வந்ததே தவிரச் சிறு வணிகருக்காக வந்ததன்று. மைசூரில் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சன் என்பாரின் பெயரைத் தாங்கிய ராபர்ட்சன்பேட்டையின் கடைவீதி, சுரங்கத் தொழிலாளரின் சம்பள நாளை நம்பியே வாழ்ந்து வந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று இவ்வூர் மக்களுள் பலர் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். எனவே கடைக்காரரின் வியாபாரம் பெரும்பாலும் மாலை இரயில்கள் வந்து சேர்ந்தபின் உள்ள சில மணி நேரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நடைபெறுகிறது. அந்நேரத்தில் அவர் கையிலுள்ள சாதனங்கள் இரண்டு: ஒன்று மின்னணுத் தராசு, மற்றொன்று பணம் பெறுவதற்காகச் சுவரில் ஒட்டியுள்ள கியூ.ஆர். கட்டப் படம். இவ்விரண்டையும் விலை கொடுத்தோ இலவசமாகவோ பெறுதல் எளிது. அவற்றின் இயல்பை அறிந்து ஆளுதலே அரிது. களப் பணியாளரும் ஆசிரியரும் உதவக்கூடிய இடம் இதுவே.

முதலில் தராசை நோக்குவோம். தட்டின் அடியில் ஓர் அலுமினியக் கட்டை உண்டு. எடை ஏறும்போது அது கண்ணுக்குப் புலப்படாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய உலோக இழைகள் சில நீள்கின்றன, சில சுருங்குகின்றன. நீண்ட இழையின் மின்தடை கூடும். சுருங்கியதன் தடை குறையும். நான்கு தடைகளை வீட்ஸ்டன் இணைப்பாக அமைத்து, அந்நுண்ணிய வேறுபாட்டை மின்னழுத்தமாக மாற்றி, எண்ணாகக் காட்டுகின்றனர். இவ்வகை இழையை 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமலே கண்டறிந்தனர். உயர்நிலைப் பள்ளியில் வீட்ஸ்டன் இணைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர், அதனை மளிகைக் கடையிலும் காட்டலாம். இக்கட்டைக்குச் 'சுமையுணரி' என்று பெயர் சூட்டலாம் எனினும், பழுது பார்ப்பவர் 'லோட் செல்' என்றே கூறுகின்றனர். அவர்களிடம் சென்று சுமையுணரி கெட்டுவிட்டது எனில் வேலை நடவாது. ஆகவே வழக்கிலுள்ள சொல்லையே கொள்வோம்.

பழைய கைத்தராசுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கைத்தராசு பொருளைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. புவியின் ஈர்ப்பு இரு தட்டுகளையும் ஒருங்கே இழுப்பதால் ஊருக்கு ஊர் மாறுதல் இல்லை. லோட் செல்லோ இழுக்கும் விசையையே அளக்கிறது. கோலார் தங்க வயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் சரிபார்க்கப்பட்ட தராசை அப்படியே இங்குக் கொணர்ந்து வைத்தால், 1 கிலோவிற்குச் சுமார் கால் கிராம் குறைத்தே காட்டும். மளிகைக் கடையில் இது பொருட்டன்று. நகைக் கடையில், மில்லிகிராம் காட்டும் தராசில், 8 கிராம் பவுன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் குறைவு வெளிப்படையாகவே தெரியும். ஆகவே தராசை வைக்கும் ஊரிலேயே, சான்று பெற்ற எடைக்கல்லைக் கொண்டு அதனைச் சரிசெய்தல் வேண்டும்.

மளிகைக் கடைக்காரருக்கு நட்டம் வருவது வேறு வழியில் ஆகும். 30 கிலோ வரை நிறுத்து, 5 கிராம் படிகளாகக் காட்டும் தராசையே பலர் வைத்துள்ளனர். அரிசிக்கும் சர்க்கரைக்கும் அது மிகப் பொருத்தமானது. ஏலக்காய்க்கோ பொருத்தமற்றது. 5 கிராமுக்குள் அடங்கிய வேறுபாட்டை அத்தராசு காட்டாதாகையால், இருபுறமும் 2½ கிராம் வரை பிழை ஏற்படலாம். கிலோ 3,000 ரூபாய் விலையுள்ள பொருளில் இப்பிழையின் மதிப்பு 7 ரூபாய் 50 காசு. 50 கிராம் பொட்டலத்தில் அது நூற்றுக்கு 5. இவ்வகைத் தராசின் முகப்பில் 'குறைந்த அளவு' 100 கிராம் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்தவர் அரியர். விலையுயர்ந்த சிறு சரக்குகளுக்குச் சிறிய தராசொன்று தனியே இருத்தல் நலம்.

மற்றவை பழக்கத்தைச் சார்ந்தவை. தராசின் கால்களைத் திருகி நீர்க்குமிழியை நடுவில் நிறுத்துதல் வேண்டும். மின்விசிறிக் காற்று நேரே தட்டில் படலாகாது. காலியான தட்டு சுழி காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் நோக்குதல் வேண்டும். எடையளவுத் துறையினரின் முத்திரை மின்னணுத் தராசுக்கு 12 மாதத்திற்கு ஒரு முறையும், கைத்தராசுக்கும் இரும்புப் படிகளுக்கும் 24 மாதத்திற்கு ஒரு முறையும் புதுப்பிக்கப்பட வேண்டும். முத்திரைக் கம்பியை அறுத்துத் திறந்து பழுது பார்த்த தராசு, மறு முத்திரை பெறும்வரை வியாபாரத்திற்கு உதவாது.

இனி, கட்டப் படம். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா என்பாரும் அவர்தம் குழுவினரும் மோட்டார் உறுப்புகளை அடையாளம் காண்பதற்காக 1994ஆம் ஆண்டில் இதனை அமைத்தனர். மூன்று மூலைகளிலுள்ள சதுரங்கள் படம் எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதைக் கைபேசிக்கு உணர்த்துகின்றன. பிழை திருத்தும் கணிதம் உள்ளே அடங்கியிருப்பதால், நூற்றுக்கு 30 பங்கு வரை அழிந்தாலும் படிக்கக்கூடிய வகையும் உண்டு. எண்ணெய்க் கறை படிந்த தாளும் வேலை செய்வது இதனாலேயே. 2016ஆம் ஆண்டில் யூ.பி.ஐ. முறை வந்தபின் இது நம் கடைகளில் பரவிற்று.

இப்படம் வெறும் விலாசம் மட்டுமே என்பதைக் கடைக்காரர் தெளிவாக உணர்தல் அவசியம். பணமும் அதில் இல்லை, காவலும் இல்லை. ஒருவன் இரவோடிரவாக வேறொரு படத்தை அதன்மேல் ஒட்டிவிட்டால், மறுநாள் வசூல் முழுவதும் அவன் கணக்கிற்கே செல்லும். கடை திறந்தவுடன் தம் படத்தைத் தாமே கைபேசியில் காட்டி, தம் பெயர் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு அரை நிமிடம் போதும். வாடிக்கைக்காரர் தம் கைபேசித் திரையில் காட்டும் 'பணம் சென்றது' என்னும் அறிவிப்பையும் சான்றாகக் கொள்ளலாகாது. அது பழைய படமாகவோ போலிச் செயலியின் வேலையாகவோ இருக்கலாம். தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டி மாலைக் கூட்டத்தில் பேருதவியாகும். ஆனால் கைபேசிச் சமிக்ஞை குன்றினால் பணம் வந்தும் அது வாய் திறவாதிருக்கும். அப்போது வாடிக்கைக்காரரைக் கள்வர் போல் நோக்காமல், தம் கணக்கைத் திறந்து பார்த்தலே முறை. பணம் புறப்பட்டும் வந்து சேரவில்லையெனில், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்; வங்கியில் கேட்பதற்கு அதுவே பிடி. மேலும், பணம் பெறுவதற்கு இரகசிய எண் எப்போதும் வேண்டுவதில்லை. அதனைக் கேட்பவன் பணம் கொடுக்க வந்தவன் அல்லன்.

கடைக்குச் செல்லும் களப் பணியாளர் முதலில் கேட்க வேண்டிய வினா, வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசி எண் யாருடையது என்பதாகும். மகனோ மகளோ ஏற்பாடு செய்து தந்து, எண்ணும் அவர்களுடையதாகவே இருந்து, அவர்கள் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டால், செய்தியெல்லாம் அங்கே போய்ச் சேரும். கடையிலுள்ள தந்தையார் ஊமையன் கனவு கண்டாற்போல் விழிப்பார். எண்ணை மாற்றிக்கொள்ள ஒரு முறை வங்கிக்குச் சென்றால் போதும். மாலை நேரத்தில் கற்பிக்கச் செல்வது வீண். பகல் உணவிற்குப் பின் கடை ஓய்ந்திருக்கும் வேளையே தக்கது. செயலியின் மொழியைத் தமிழாகவோ கன்னடமாகவோ அவர் விரும்பியவாறு மாற்றியபின், பொத்தானை அவரே அழுத்தட்டும். நாம் அழுத்திக் காட்டினால் நமக்குத்தான் மனப்பாடமாகும்.

ஏமாற்றத்தினால் பணம் போய்விட்டதெனத் தெரிந்தால், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்து முறையிடல் வேண்டும். சில மணி நேரத்திற்குள் செய்தி எட்டினால் தொகையை இடையில் நிறுத்திவைக்க வழியுண்டு. அவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தராசின் அருகில் ஒட்டிவிட்டு வருதல், களப் பணியாளரின் முதல் வருகையிலேயே முடித்துவிடக்கூடிய வேலையாகும்.