உங்களுக்குத் தெரியுமா? யூரியாவுக்குத் துணை கிளிசறியா

ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன் இருக்கிறது. அதையே கூட்டெருவாகக் கொடுக்க ஏறத்தாழ 30 கிலோ வேண்டும். பதுளை, பசறை, ஹாலிஎல மலைச்சரிவுகளில் அவ்வளவு எருவையும் சுமந்து ஏற்றுவது யார்? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது தேயிலைத் தோட்டங்கள் எதிர்கொண்ட கேள்வி இது. நவம்பரில் தடை நீங்கியது. ஆனாலும் 2021இல் 30 கோடி கிலோவை நெருங்கிய இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடியாகச் சரிந்தது; உரத் தட்டுப்பாடு அதற்குப் பெரும் காரணம். கொழுந்து குறைந்தால் பறிப்பவர் வீட்டு வருமானமும் குறையும்.

ஆனால் யூரியா மட்டும் போதாது. சேதனப் பொருள் குறைந்த சரிவு மண்ணில் இட்ட உரத்தை மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

தென்னையில் இரசாயன உரத்தையும் சேதனப் பசளையையும் சேர்க்கும் வழி தெளிவாக இருக்கிறது. லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவகம் கிளிசறியா மரத்தின் இலையைப் பசளையாகப் பரிந்துரைக்கிறது. மரமொன்றுக்கு ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ பச்சை இலை இட்டால் நைதரசன் தேவையில் பெரும்பங்கு தீரும். பொட்டாசியம் தீராது, தென்னை மிக அதிகமாகக் கேட்பதே அதைத்தான். ஆகவே பொட்டாசியத்துக்கு மியூரியேற் ஒவ் பொட்டாஷும், பொஸ்பரசுக்கு எப்பாவல பொஸ்பேற்றும் கூடவே வேண்டும். பதுளை அடங்கிய ஊவாவின் தேயிலை மலைகளில் கிளிசறியா நிழல் மரமாக ஏற்கனவே நிற்கிறது. வெட்டிய கிளைகளை விறகாக்கினாலும், இலையை மண்ணுக்கே கொடுங்கள்.